ஐயய்யோ அக்காவும் மலிவு பர்கரும்

காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். சூடு பார்க்கிறாளாம். நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை வெப்பத்தில் காட்டி வளைக்கிற கை. அதற்குச் சூடு மரத்துப் போய்விட்டது, கன்னம்தான் உண்மை சொல்லும் என்பது அவள் கட்சி. அப்புறம் காகிதத்தை மெல்லப் பிரித்து, பன்னின் மேல்மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்க்கிறாள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் சமையலறைக்குள் தலையை நீட்டுகிற மாதிரி ஒரு பார்வை. சீஸின் மூலைகள் உருகித் தொங்குகின்றனவா, அல்லது குளிர்பெட்டியிலிருந்து எழுந்து வந்த முகத்தோடு விறைத்துக்கொண்டு நிற்கின்றனவா என்பதைத்தான் முதலில் கவனிப்பாள். பிறகு வாய் திறக்கும். திறந்ததும் வருவது எப்போதும் ஒரே வார்த்தை.

"ஐயய்யோ!"

நல்லதற்கும் கெட்டதற்கும் அவளிடம் இருப்பது இது ஒன்றுதான். "ஐயய்யோ, இந்த விலைக்கு இவ்வளவு வெங்காயமா! கடைக்காரருக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றால் அந்தக் கடை பிழைத்தது. "ஐயய்யோ, இதுக்குப் பேரு சீஸாம்ங்க! மஞ்சத் தாளை ஈரம் பண்ணி வெச்சிருக்காங்க" என்றால் கடைக்காரர் கொஞ்ச நாளைக்கு வெளியில் தலைகாட்ட மாட்டார். அவளும் புருஷனுமாக வாரம் ஒரு கடைக்குப் போய்ச் சாப்பிட்டு, செல்போனில் படம் பிடித்து வெளியிடுகிறார்கள். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்கிறார்கள். ஐயய்யோ அக்கா என்று பேர் வைத்ததும் அந்த ஊர் ஜனங்கள்தான். பெற்றவர்கள் வைத்த பேர் வங்கிக் கணக்கில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பிழைப்பு வேறு. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில் வேலை. சட்டத்தின் காலை வெப்பக்காற்றில் காட்டி இளக்கி, காதுக்குப் பின்னால் படிய வளைத்து, கடுகளவு திருகாணியை முடுக்கி, மூக்கில் உட்கார வைத்துப் பார்ப்பாள். அங்கேயும் வாய் சும்மா இருக்காது. விலை உயர்ந்த சட்டத்தை மாட்டிக்கொண்டு அழகு பார்க்கிறவரிடம், "ஐயய்யோ, வேணாங்க. யார் மேலயோ கேஸ் போடக் கிளம்பின மாதிரி இருக்கீங்க" என்பாள். உள்ளே முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் அக்கா நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த சட்டம் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அதனால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகிறார்.

சாப்பாட்டுக்கு அவள் வைத்திருக்கிற சட்டதிட்டங்கள் கடுமையானவை. எந்தக் கடைக்குப் போனாலும் பட்டியலில் இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்குவாள். "விலை கூடினதை எல்லாருமே ஒழுங்காத்தான் செய்வாங்க. மலிவுல கை வைக்கும்போதுதான் கடைக்காரர் மனசு வெளிய வரும்" என்பாள். ஓசியில் கொடுத்தால் தொடமாட்டாள். முதல் கடியை நடுவில் கடிக்க மாட்டாள். "நடுவுல எல்லாமே இருக்கும்ங்க. ஓரத்துலதான் திருட்டுத்தனம் தெரியும்." மென்று முடிக்கும்வரை பேச மாட்டாள், அந்த நேரத்தில் யாராவது குறுக்கே பேசினால் கண்ணாலேயே சுட்டுவிடுவாள். தன் நாக்கின்மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை வேறு எதன்மேலும் கிடையாது. புருஷன்மேல்கூட அவ்வளவு கிடையாது.

புருஷன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மின்சார வேலை பார்க்கிறவர். அக்காவின் புருஷன் என்ற ஒரே தகுதியில் ஊருக்கே அத்தான் ஆகிவிட்டார். செல்போனைப் பிடித்துப் படம் எடுப்பது அவர் பொறுப்பு. படம் முடிந்ததும் மிச்சமிருக்கிற பாதியைச் சாப்பிடுவதும் அவர் பொறுப்பு. அத்தானைப் போல ஒரு நல்ல வாயைப் பார்க்க முடியாது. எதைக் கொடுத்தாலும், "நல்லாத்தானே இருக்கு" என்பார். கருகினாலும் நல்லாத்தான் இருக்கும், வேகாவிட்டாலும் நல்லாத்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் அக்கா இதைத் தன் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப்போனாள். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி உணவகத்துச் சாப்பாட்டையும் அவர் அதே வார்த்தையால் புகழ்வதைக் கேட்டாள். அன்றோடு அந்தப் பாராட்டுக்கு மதிப்புப் போய்விட்டது.

இப்படி இருந்தவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூக்கடைப்பும் தலைபாரமுமாகப் படுத்துவிட்டாள். பாலில் நனைத்த ரொட்டியை விழுங்கிவிட்டுத் திரும்பித் திரும்பிப் படுத்தாள். வாய் மண்ணு மாதிரி இருந்தது. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். காய்ச்சல் இறங்கியது. எழுந்து தலை வாரிக்கொண்டதுமே, "என்னங்க, செல்போனுக்குச் சார்ஜ் போடுங்க. ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்று கிளம்பிவிட்டாள்.

அந்த வாரத்துக்கு அவள் குறித்து வைத்திருந்தது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற கடையின் சீஸ் பர்கர். அந்த ஊரிலேயே மலிவானது அதுதான். ஓட்டுநர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வாங்கி, பேருந்தைத் துரத்திக்கொண்டே தின்கிற பண்டம். அங்கே கறி சுடுகிற இரும்புக் கல்லில் நிற்பவர் ஐம்பதை நெருங்கிய மனிதர். கல்லுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கறி உருண்டையைக் கல்லில் வைத்துத் தட்டைக் கரண்டியால் ஒரே அமுக்கு. ஓரம் மொறுமொறுத்துச் சுருளும்போது ஒரு புரட்டு. மேலே சீஸ், அதன்மேல் கவிழ்த்த கிண்ணம், உள்ளே ஆவி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும்.

அக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு சரி. மூடியைத் தூக்கினாள். சீஸின் மூலைகள் கறியைக் கட்டிக்கொண்டு தொங்கின. அதுவும் சரி. முகர்ந்தாள். ஒன்றுமில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஓரத்தில் ஒரு கடி கடித்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். செல்போனைப் பிடித்திருந்த அத்தானின் கையே வலித்துவிட்டது.

அன்று முதல் வார்த்தையாக ஐயய்யோ வரவில்லை. "என்னங்க இது?" என்றுதான் கேட்டாள். குரலில் உண்மையான திகில் இருந்தது. "உப்பில்லை. புளிப்பில்லை. சீஸ்னு ஒண்ணு இருக்கு, அது வாயில இருக்கறதே தெரியல. ஊறப்போட்ட வெள்ளரித் துண்டு போட்டிருக்காங்க, வெறும் தண்ணி. எத்தனையோ கடையில மோசமாச் சாப்பிட்டிருக்கேன். ஆனா ஒண்ணுமே இல்லாம ஒரு பொருளைச் செய்ய எப்படிங்க முடியுது? ஐயய்யோ! பஞ்சைத் திங்கற மாதிரி இருக்கு. இதையா பிள்ளைங்க தினம் திங்குது?"

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் நியாயஸ்தி ஆயிற்றே. எதிராளிக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று மேசையிலிருந்த மிளகாய்ச் சாஸை விரல்நுனியில் பிதுக்கி நக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, முகம் சிவந்தது, நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டாள். "பாத்துக்கோங்க. காரம் சுரீர்னு ஏறுது. என் நாக்கு நல்லாத்தான் இருக்கு. காய்ச்சல்ல கிடந்தவ உளறுறான்னு அப்புறம் யாரும் சொல்லக் கூடாது." இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? காரம் தெரிகிற நாக்கை யார் சந்தேகப்படுவார்கள்? படம் முடிந்ததும் அத்தான் தன் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காகிதத்தை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்தப் படம் ஓடிவிட்டது. அடுத்து நடந்ததைத்தான் நம்ப முடியவில்லை. வருஷக்கணக்காக அந்தப் பர்கரை ரசித்துத் தின்றவர்கள், படத்தைப் பார்த்த பிறகு போய்த் தின்றுவிட்டு, "ஆமாம்பா, உப்பே இல்லை. நாமதான் கவனிக்கல போல" என்றார்கள். ஒரு பேருந்து ஓட்டுநர் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். கல்லூரிப் பிள்ளைகள் காகிதத்தில் பஞ்சை வைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள். ஒரே ஒருத்தியின் வாய், ஊரில் இருக்கிற அத்தனை வாயையும் மாற்றிவிட்டது. இப்படியும் நடக்குமா என்றால், நடந்தது.

கடை மேலாளர் ஆடிப்போனார். கறியில் உப்பைக் கூட்டச் சொன்னார். வாசலில் கொட்டை எழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: "அக்கா சொன்னார், மாற்றிவிட்டோம்." கல்லில் வேறு ஆளை நிறுத்திவிட்டு, கல்லுக்காரரை மேசை துடைக்கவும் தரை கழுவவும் அனுப்பினார். கூட்டம் திரும்பி வந்தது. உப்புக் கரிக்கிற பர்கரைத் தின்றுவிட்டு, "இப்பதான் சரியா இருக்கு" என்று ஜனங்கள் தலையாட்டினார்கள். அறிவிப்பை யாரோ படம் எடுத்து அனுப்ப, கண்ணாடிக் கடையில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் செல்போனை நீட்டிக் காட்டினாள். "ஐயய்யோ, நான் சும்மா சொன்னேங்க. கடையையே மாத்திட்டாங்களே!"

வீட்டில் நடந்துகொண்டிருந்தது வேறு கதை. பிள்ளை வேலைக்கென்று வெளியூர் போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டே பேர். அக்கா சமைத்ததில் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போனது. அவளுக்கு எதுவும் போதவில்லை. ஒரு கை அள்ளிப் போடுவாள், கலக்கிப் பார்ப்பாள், இன்னொரு கை போடுவாள். அத்தான் குறை சொல்லவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் நின்று மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மனுஷன், ரத்தக்கொதிப்பு என்றால் என்ன என்று தெரிந்த மனுஷன், கடல் தண்ணீரைச் சோற்றில் பிசைந்து தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல குணத்துக்கும் ஒரு எல்லை வேண்டாமா?

ஒரு நாள் காலையில் அந்த எல்லை வந்தது. அக்கா தேநீர் போட்டாள். மேடையில் சர்க்கரை டப்பாவும் தூள் உப்பு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவரவர் கோப்பையை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்கள். அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே தன்னுடையதைக் குடித்தாள். அத்தான் ஒரு மிடறு இழுத்தார். அடுத்த நொடி அது மேசை விரிப்பில் இருந்தது. அத்தனை வருஷத்தில் அத்தான் வாயில் போட்டதைத் துப்பியது அதுதான் முதல் தடவை.

"என்னங்க ஆச்சு? சுட்டுடுச்சா?" என்று பதறினாள் அக்கா.

"உப்பு போட்டிருக்கே" என்றார் அத்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"ஐயய்யோ! மாத்திப் போட்டுட்டனா? குடுங்க, கொட்டிட்டு வேற போட்டுத் தரேன்" என்று எழுந்தவளின் கையை அவர் பிடித்துக்கொண்டார். அவள் கோப்பையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். அடியில் இலைத்தூள் மட்டும் ஒட்டியிருந்தது.

"நீ குடிச்சிட்டியா?"

"குடிச்சேனே."

"ஏம்மா, உனக்குத் தெரியலையா?"

அக்கா அவருடைய கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு மேடைக்குப் போய்ச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டாள். உப்பை அள்ளிப் போட்டாள். எதற்கெடுத்தாலும் ஐயய்யோ என்கிறவள், டப்பாக்களை மூடக்கூட மறந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் கேட்ட கேள்வி அத்தானுக்கு அந்த நேரத்தில் புரியவில்லை. "அப்ப அந்தப் பர்கர்?" என்று கேட்டாள்.

காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர் அம்மா அவளைக் கண்ணை மூடச் சொன்னார். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு திரவமாக நனைத்து நாக்கில் தடவி, என்ன என்று கேட்டார். "தண்ணி" என்றாள் அக்கா. அடுத்ததற்கும் "தண்ணி" என்றாள். கடைசியாகத் தடவியது ஒரு கசப்பு மருந்து. பக்கத்தில் நின்ற நர்ஸே அதன் நெடிக்கு முகத்தைச் சுளித்தாள். "தண்ணிதான் டாக்டர்" என்றாள் அக்கா.

"காய்ச்சலோட போயிருக்கு. சில பேருக்கு இப்படி ஆகும்மா. மூக்கும் போயிருக்கு, நாக்கும் போயிருக்கு."

"ஆனா காரம் தெரிஞ்சுதே டாக்டர்! கண்ணுல தண்ணி வந்துச்சே! எல்லாரும் பாத்தாங்களே!"

"காரம் ருசியே இல்லம்மா. அது எரிச்சல். நெருப்பு பட்டா சுடுதே, அந்த மாதிரி. ருசி அத்தனையும் போனாலும் அது மட்டும் இருக்கும்."

"அறுசுவைன்னு படிச்சோமே? அதுல காரமும் உண்டே?"

"நானும் அப்படித்தான் படிச்சேன்" என்று டாக்டர் சிரித்தார். "நாக்கு நம்ம பாடத்தைப் படிக்கலையே."

திரும்பி வருமா என்று அத்தான்தான் கேட்டார். வரலாம், சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு மாசக்கணக்கில் ஆகும், அரைகுறையாக நின்றுவிடுவதும் உண்டு என்றார் டாக்டர். அக்கா அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. வெளியே வந்ததும், "பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க" என்றாள். வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாமே என்றவரை, "ஐயய்யோ, இன்னும் என்னங்க ஓய்வு?" என்று அதட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

கடை நிறைந்திருந்தது. வாசல் அறிவிப்பைத் தாண்டி உள்ளே போனபோது, கல்லில் யாரோ புது ஆள் நிற்பது தெரிந்தது. பழைய கல்லுக்காரர் மேசைகளுக்கு அடியில் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி வந்தார். திட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள் அவள். இந்தச் சிரிப்புக்குத் தயாராக வரவில்லை.

"வாங்கக்கா. உங்களைப் பாத்து ஒரு நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"நன்றியா? எனக்கா?"

"பின்ன? இத்தனை வருஷமா உப்பில்லாமயே போட்டிருக்கேன், ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லலையே. தெனமும் முதல் பர்கர்ல ஓரத்தைக் கிள்ளி வாயில போட்டுப் பாத்துட்டுத்தான்க்கா வியாபாரத்தையே ஆரம்பிப்பேன். சரியா இருக்குன்னுதான் எனக்குத் தோணும். நீங்க சொன்ன மறுநாளும் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் உங்க படத்தைத் திரும்பத் திரும்பப் பாத்துட்டுச் சாப்பிட்டா... ஆமா, ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருந்துச்சு. என் நாக்குதான் கெட்டுப்போச்சு போல. இப்பல்லாம் வீட்லகூட, உப்பு இருக்கான்னு வீட்டுக்காரிகிட்ட கேட்டுட்டுத்தான் சாப்பிடுறேன்."

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். வேலையைப் பிடுங்கினது ஒரு பாவம் என்றால், ஒரு மனிதரின் வாயிலிருந்து அவருடைய நாக்கையே பிடுங்கியிருக்கிறாளே! அதற்கு நன்றி வேறு சொல்கிறாரே! "அண்ணே, அப்படியெல்லாம் இல்லண்ணே" என்று ஆரம்பித்தாள். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணன் என்பாள். இருவரில் யார் மூத்தவர் என்பது இருவருக்குமே தெரியாது. "கோளாறு எனக்குண்ணே. எனக்குத்தான் ருசி போச்சு. டாக்டர்கிட்ட போய்ட்டு நேரா இங்கதான் வரேன்."

அவர் நம்பவில்லை. "சும்மா என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கப் போனார்.

அதற்குள் மேலாளர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு நிமிஷம் அவர் முகமும் வெளுத்தது. ஆனால் வியாபாரிக்கு மூளை எந்த நேரத்திலும் வேலை செய்யும். "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. உங்க நாக்கு போன கதையெல்லாம் ஊருக்கு எதுக்கு? உங்க பேரும் கெடும், என் வாசல்ல இருக்கற அறிவிப்பும் கேலிக்கூத்தாயிடும். இப்ப ஒரு பர்கர் தரேன். ஐயய்யோ, இப்ப பிரமாதமா இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்தக் கையோட அவரையும் கல்லுக்குத் திருப்பி அனுப்பிடறேன். எல்லாருக்கும் நல்லது" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அத்தான் குனிந்து, "சொல்லிடேன்மா. அவருக்கு வேலை திரும்பக் கிடைக்குதுல்ல" என்று முணுமுணுத்தார். அக்கா மேலாளரைப் பார்த்தாள், குனிந்து துடைக்கிறவரின் முதுகைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஊரே நம்பும். அவர் கல்லுக்குப் போவார். ஆனால் காலமெல்லாம், அக்கா சொல்லித்தான் உப்பு சரியானது என்று நம்பிக்கொண்டு, தன் வாயை நம்பாமல் நிற்பார். தவிரவும், தெரியாத ருசியைத் தெரிந்ததாக அவள் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இல்லை, சொல்லிவிட்டாள், ஒரே ஒரு தடவை, அதுவும் தெரியாமல். அதன் லட்சணத்தைத்தான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்போனை எடுங்க" என்றாள் அத்தானிடம்.

மேலாளர் முகம் மலர்ந்து, பர்கர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நேராகச் செல்போனைப் பார்த்துப் பேசினாள். "எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ருசி தெரியலைங்க. காய்ச்சல்ல போச்சு. இன்னைக்குக் காலையில உப்பு போட்ட டீயை முழுசாக் குடிச்சிருக்கேன், தெரியல. அன்னைக்கு இந்தக் கடையில உக்காந்து பேசினப்பவும் தெரியலைங்க. உப்பில்லைன்னு சொன்னேனே, அது பர்கரைப் பத்தின பேச்சு இல்ல, என் வாயைப் பத்தின பேச்சு. மிளகாயைத் தின்னு காட்டினேனே, அதுவும் தப்பு. அது எரியும், அவ்வளவுதானாம். நான் சொன்னதைக் கேட்டு ஆமா ஆமான்னு சொன்னீங்களே, ஐயய்யோ, உங்களுக்கெல்லாம் என்னங்க ஆச்சு? உங்க நாக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

கடையில் மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. ஒருவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன பர்கரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலாளர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். அத்தனை பேரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தக் கையாலேயே தலையைக் கோதிக்கொண்டார். அக்கா விடவில்லை. "இந்தப் பர்கர் நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இனிமே எப்பத் தெரியும்னும் தெரியாது. அதுவரைக்கும் இந்தச் சேனல்ல நான் எதையும் சாப்பிட மாட்டேன். ஆனா இதைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் இங்க தரையைத் துடைச்சுக்கிட்டு இருக்கார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

"அண்ணே, கையைக் கழுவிட்டு வாங்க. பழையபடி ஒண்ணு போடுங்க."

கல்லுக்காரர் மேலாளரைப் பார்த்தார். சுற்றிலும் இத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மேலாளரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. போ என்று தாடையால் காட்டினார். புது ஆள் கரண்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். கல்லுக்காரர் கையை முழங்கைவரை கழுவினார். கல்லைச் சுரண்டினார். கறி உருண்டையை வைத்து அமுக்கினார். அமுக்கு கொஞ்சம் கோணலாக விழுந்தது. உப்புக் கிண்ணத்தில் விரலை விட்டவர் அப்படியே நின்றார். திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை. கறி சுருளத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் தன் கணக்குக்கே ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். புரட்டினார். சீஸ் வைத்தார். கிண்ணத்தைக் கவிழ்த்தார். அத்தான் செல்போனோடு பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் படம் பிடித்தார்.

பன்னுக்குள் வைத்து மூடி, காகிதத்தில் கிடத்தி, கல்லுக்காரர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளினார். சீஸ் நூலாக இழுபட்டு அறுந்தது. பழக்கத்தில் அந்தத் துண்டு அவர் வாய்ப் பக்கம்தான் போனது. பாதி வழியில் நின்றது. அப்புறம் அக்காவின் பக்கம் நீண்டது.

"இருந்தாலும் நீங்க ஒரு வாய் பாத்துச் சொல்லிடுங்கக்கா. உப்பு சரியா இருக்கா?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. துண்டோடு நீட்டியிருந்த அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, சட்டத்தின் காலை வளைக்கிற நிதானத்தோடு, மெல்ல அவர் வாய்க்கே திருப்பிவிட்டாள்.